பேரல் தேய்ந்த பழைய ரைஃபிளை வாங்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். இலக்குச் சுடும் பயிற்சிக்காக .22 ரைஃபிளுக்கு (குழலின் உள் அகலம் சுமார் 0.22 அங்குலம்) லைசன்ஸ் வாங்கிவிட்டேன், துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை. புதுச்சேரியில் ஒரு பெரியவர் தன்னுடைய பழைய பிர்னோ கம்பெனி .22-ஐ விற்க நினைக்கிறார். "பேரல் தேய்ஞ்சிருக்கு, அதான் விலை கம்மி" என்று அவரே சொல்லிவிட்டார். புதிது வாங்க இப்போதைக்கு வசதி இல்லை. இதை வாங்கலாமா?

பதில்: பெரியவர் நேர்மையானவர்தான். ஆனாலும் "தேய்ஞ்சிருக்கு" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். .22 பேரல், அதாவது குழல், சுட்டுச் சுட்டுத் தேய்வது அபூர்வம். குண்டு மெத்தென்ற ஈயம், வெடிமருந்தோ சிட்டிகை அளவு. பெரிய ரைஃபிள்களில் சூடான வாயு எஃகையே அரித்துவிடும். இதில் அந்தச் சூடு கிடையாது. பல்லாயிரம் தோட்டா சுட்ட பிறகும் ஒழுங்காகக் குறி தவறாமல் போகும் .22 பேரல்கள் நிறைய உண்டு. அப்படியிருக்க ஒரு .22 கெட்டுப்போயிருந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: துரு, இல்லையென்றால் தப்பாகத் துடைத்தது. எது, எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான் விலை பேச முடியும்.

முதலில் துருவைப் பாருங்கள். நம் கடற்கரைக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது இந்தத் துப்பாக்கி எங்கே இருந்தது, வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று பெரியவரைக் கேளுங்கள். தேர்தலுக்குத் தேர்தல் லைசன்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள் அல்லவா? அப்போது எங்கே வைத்தார், எத்தனை மாதம் கழித்துத் திரும்ப வாங்கினார் என்றும் கேளுங்கள். எண்ணெய் காணாமல் மழைக்காலம் முழுக்க மூலையில் சாத்தி வைத்த துப்பாக்கிக்கு, சுட்ட துப்பாக்கியைவிட அதிக சேதம் வரும். பழைய ரகத் தோட்டாக்களில் இன்னொரு தொல்லையும் இருந்தது. அவற்றின் பற்றுமருந்தில் (அடித்ததும் முதலில் தீப்பிடிக்கும் மருந்தில்) பொட்டாசியம் குளோரேட் சேர்த்திருப்பார்கள். வெடித்த பின் குழலில் மிஞ்சுவது ஒருவகை உப்பு. அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சுட்டதும் எண்ணெய்த் துணி விட்டுத் துடைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்களின் குழல்கள் உள்ளுக்குள் புள்ளி புள்ளியாக அரித்துப்போனது இப்படித்தான்.

நேரில் போகும்போது ஒரு சின்ன டார்ச், வெள்ளைத்துணி, காது குடையும் பஞ்சுக் குச்சி நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டா வைக்கும் மேகசினை எடுத்து, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைத் திறந்து, சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறையில் எதுவும் இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம். அப்புறம் போல்ட்டை முழுதாகக் கழற்றிவிடச் சொல்லுங்கள். விற்பவர் எண்ணெய் போட்டு வைத்திருந்தால் உள்ளே கண்ணாடி மாதிரிதான் தெரியும். எண்ணெய் குழிகளை நிரப்பி மறைத்துவிடும். அதனால் முதலில் காய்ந்த துணியைத் துடைக்கும் கம்பியில் மாட்டி, அறைப் பக்கமிருந்து விட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். துணியில் கறுப்பு வந்தால் மருந்துக் கரி, கவலையில்லை. சாம்பல் நிறத் துணுக்கு வந்தால் ஈயம், அதையும் எடுத்துவிடலாம். செங்காவியாக வந்துகொண்டே இருந்தால் துரு.

கம்பியை நீங்களும் ஒருமுறை தள்ளிப் பார்த்து, கை சொல்வதையும் கவனியுங்கள். இறுக்கமான துணி ஒரே சீராக நகர வேண்டும். ஓரிடத்தில் சொரசொரவென்று பிடித்தால் அரிப்பு. ஓரிடத்தில் மட்டும் திடீரென்று தளர்ந்து, மறுபடி இறுகினால் குழல் அங்கே உப்பியிருக்கிறது. முன்பு சுட்ட குண்டு உள்ளே சிக்கியிருக்க, தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் இப்படி ஆகும். வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடம் கருவளையம் போலத் தெரியும். அப்படி ஒன்று தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது குழலின் வாய். நான் பார்த்த வரைக்கும் "தேய்ந்த" .22-களில் பாதிக்கு மேல் நோய் இங்கேதான் இருக்கும். துடைக்கும் கம்பியை வாய்ப் பக்கமிருந்து விட்டு விட்டு எடுத்தால், கம்பி உரசி உரசிப் புரியின் (குண்டைச் சுழற்றிவிடக் குழலுக்குள் வெட்டிய திருகு வரிகளின்) கடைசி நூலிழையை மழுக்கிவிடும். குண்டு குழலை விட்டுக் கிளம்பும் கணத்தில் ஒரு பக்கம் மட்டும் வாயு முந்திக்கொண்டு வந்தால் குறி விலகும். பஞ்சுக் குச்சியை வாய்க்குள் விட்டு, விளிம்பை ஒட்டி வெளிப்பக்கமாக இழுங்கள். நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள். எங்காவது பஞ்சு இழை சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது.

வாய்க் கோளாறு என்றால் பயப்பட வேண்டாம், அது விலையைக் குறைக்க உங்களுக்குக் கிடைத்த நல்ல காரணம். விளிம்பைப் புதிதாகச் சீவிக் கொடுத்தால் துப்பாக்கி பிழைத்துக்கொள்ளும். ஆனால் துப்பாக்கி பழுதுபார்க்க லைசன்ஸ் உள்ள ஆர்மரரிடம் மட்டுமே கொடுங்கள். தெரிந்த லேத் பட்டறையில் அரை அங்குலம் வெட்டித் தருகிறேன் என்பார்கள். அனுமதியில்லாமல் பேரலைக் குட்டையாக்குவது 1959 ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி குற்றம். அறையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அரிப்பு இருந்தால் கதை வேறு. அதைச் சீவவும் முடியாது, மறைக்கவும் முடியாது. வேறு பேரல் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கும் வேண்டாம். சட்டப்படி பேரலும் துப்பாக்கியின் பாகம், கடைக்குப் போய்ச் சும்மா வாங்கிவர முடியாது.

கண்ணுக்குத் தேறினால், அனுமதி பெற்ற சுடுதளத்தில் பெரியவரையும் கூட வைத்துக்கொண்டு சுட்டுப் பாருங்கள். மணல் மூட்டையில் தாங்க வைத்து, 50 மீட்டரில், பத்துப் பத்தாக மூன்று முறை சுடுங்கள். முதல் சில தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முடிந்தால் இரண்டு கம்பெனித் தோட்டாக்களில் பாருங்கள். ஒன்றில் சிதறும் துப்பாக்கி இன்னொன்றில் அடங்கிப் போவதுண்டு. ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மி.மீ. பத்துத் துளைகளும் ஏறக்குறைய அதற்குள் விழுந்தால், பயிற்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? போட்டிக்குப் போதாது என்பது வேறு விஷயம். அங்கே பத்து மதிப்பெண் வட்டமே 10.4 மி.மீ.தான். அட்டையில் துளைகள் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் கிழிந்திருந்தால், குண்டு சுழலாமல் சாய்ந்து வந்து விழுகிறது என்று அர்த்தம். அந்தப் பேரலில் புரி உயிரோடு இல்லை. காலித் தோட்டாக்களையும் பொறுக்கிப் பாருங்கள். பிளந்தோ உப்பியோ இருந்தால் வேண்டாம்.

விலையைப் பற்றி ஒன்று. 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணமாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. இதை வாங்கினால் அதில் ஒன்று போயிற்று. மலிவாகக் கிடைக்கிறது என்று சுமாரான ஒன்றை வாங்கி அந்த இடத்தை அடைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பிறகு அதை விற்பதும் லேசில்லை.

காகித வேலையைக் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள். துப்பாக்கியில் பொறித்த எண்ணும் பெரியவரின் லைசன்ஸில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண் அராவப்பட்டிருந்தால் தொடவே வேண்டாம். தனியார் ஒருவர் விற்பதானால் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழித்துத்தான் கைமாற்ற முடியும். உங்கள் லைசன்ஸ் எந்தப் பகுதிவரை செல்லும் என்றும் பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால், புதுச்சேரியில் வாங்கி முள்ளோடை எல்லையைத் தாண்டிக் கொண்டுவருவதற்கு முன்பே கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்து உரிய அனுமதியைக் கையில் வாங்கிவிடுங்கள். அந்த எல்லையில் பாட்டில் தேடி டிக்கியைத் திறக்கும் போலீசாருக்குத் துப்பாக்கியைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும் நிலை வேண்டாம். முன்பணம் கொடுப்பதாக இருந்தால், அனுமதி கிடைக்காவிட்டால் திருப்பித் தருவதாகப் பெரியவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.