கண்ணாடியில் தங்கிவிட்ட காது

கேள்வி: வேதியியல் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன். பழைய புகைப்படங்களைச் செப்பனிட்டுப் பாதுகாக்கும் துறையில் வேலை பார்க்க ஆசை. கணினியில் கீறலும் கறையும் நீக்கத் தெரியும். அது போதுமா?

பதில்: கணினியில் நீங்கள் துடைப்பது நகலை. கை தவறினால் பழையபடி ஆக்கிவிடலாம். என் மேசைக்கு வருவது அசல். அங்கே அந்தச் சலுகை கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட ஒரு குடும்பப் படம் வந்தது. படத்தின் மேல் பூசிய ஜெலட்டின் ஈரத்தில் இளகி, காயும்போது கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும். ஓரம்தானே என்று மெல்ல நெம்பினேன். விளிம்பில் நின்ற யாரோ ஒரு மாமாவின் காது கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. இன்று அப்படி வந்தால், கண்ணாடியோடு படியெடுத்து, கண்ணாடியோடு பெட்டியில் வைத்துவிடுவேன். கொண்டுவந்தவர் முகம் வாடத்தான் செய்யும்.

என் அவசரம் ஒரு காதோடு போயிற்று. 1839-இல் உலகுக்கு அறிமுகமான டாகுரோடைப் என்ற வெள்ளித் தகட்டுப் படங்களைக் கடந்த நூற்றாண்டில் தயோயூரியாக் கரைசலில் முக்கிக் கருமை போக்கினார்கள். தகடு பளபளத்தது, பின்னாளில் பலவற்றில் பழுப்புப் புள்ளிகள் பூத்தன. உங்கள் படிப்புக்கு வேலை இங்கேதான் இருக்கிறது: கரைசலில் முக்கும் முன் அது என்ன செய்யும் என்று கேட்பதில்.

முதலில் பழக வேண்டியது உருப்பெருக்கி. தாளின் நார்கள் தெளிவாகத் தெரிந்தால், முட்டை வெண்கரு பூசிய அல்புமின் அச்சாக இருக்கலாம். தண்ணீரில் போட்டால் அதன் வெடிப்புகள் கூடும். நார்களை வெள்ளைப் பூச்சு மறைத்திருந்தால் பெரும்பாலும் ஜெலட்டின் அச்சு. மூக்கும் வேண்டும். நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், பிலிமின் அடித்தளமான அசிடேட் என்ற பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. மீட்க வழியில்லை, குளிர்ப்பெட்டியில் வைத்துத் தாமதப்படுத்தலாம், அவ்வளவே.

பட்டத்துக்குப் பின் பாதுகாப்பியலில் மேற்படிப்பும், ஆவணக்காப்பகத்திலோ அருங்காட்சியகத்திலோ பயிற்சியும் தேவை. நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. எழுத்து வேலை ஏராளம்: ஒவ்வொரு கிழிசலையும் அளந்து குறித்த பிறகே தூரிகையை எடுக்கலாம்.

இப்போதே தொடங்க வேண்டுமா? யாருக்கும் வேண்டாத பழைய அச்சு ஒன்றைக் கிழியுங்கள். பின்புறம் மெல்லிய ஜப்பானியத் தாளையும் கோதுமை ஸ்டார்ச் பசையையும் கொண்டு ஒட்டுங்கள். ஒரு வாரம் கழித்து, ஒட்டிய தடமே தெரியாமல் அதைப் பிரித்துப் பாருங்கள். முடிந்தால் விண்ணப்பியுங்கள்.