இரண்டு எம்ஆர்ஐ, இரண்டு அளவு: கட்டி வளர்ந்ததா?

அம்மாவின் இடது கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கேவர்னஸ் ஹெமாஞ்சியோமா (புற்றுநோய் அல்லாத ரத்தநாளக் கட்டி) போன வருடம் 14×11×10 மி.மீ., இப்போது 16×12×11 மி.மீ.; வளர்ந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த எண்களை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள்.

மூன்றையும் பெருக்கி, 0.52-ஆல் பெருக்கினால் தோராயமான கன அளவு வரும்: முன்பு 0.8 மி.லி., இப்போது 1.1 மி.லி. ஏறக்குறைய 37 சதவீதம் கூடியதுபோலப் பயமுறுத்தும். ஆனால் பழைய ஸ்கேன் 3 மி.மீ. ஸ்லைஸ் (ஒவ்வொரு படமும் காட்டும் துண்டின் தடிமன்), புதியது 1 மி.மீ. என்கிறீர்கள். தடித்த ஸ்லைஸில் விளிம்பு ஒரு படம் தவறினாலே அந்தத் திசையில் 3 மி.மீ. பிசகிவிடும்.

இந்தக் கட்டிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) இதில் மெதுவாகத்தான் நிரம்பும். ஊசி போட்டதும் எடுத்த படத்தில் ஒரு மூலை மட்டும் வெள்ளையாகத் தெரியும். சில நிமிடம் கழித்து எடுத்தால் பெரும்பகுதி நிரம்பியிருக்கும். பழைய ஸ்கேனில், ஊசி போட்டதும் எடுத்த படத்தின் வெள்ளையை மட்டும் அளந்திருந்தால் கட்டி சிறிதாகத்தான் வந்திருக்கும்.

இரண்டு ஸ்கேனின் டைகாம் சிடியையும் (மூல டிஜிட்டல் படங்கள் உள்ள சிடி; ஃபிலிம் போதாது) ஒரே ரேடியாலஜிஸ்டிடம் கொடுங்கள். கொழுப்பை மங்கவைத்த டி2 படத்தில் (எம்ஆர்ஐ படத்தில் ஒரு வகை), ஸ்லைஸ் ஸ்லைஸாக விளிம்பு வரைந்து 3டி வால்யூம் எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த ஸ்கேன் அதே மெஷினில், 1 மி.மீ. ஸ்லைஸில் இருக்கட்டும். கண்மை, மஸ்காராவை முழுக்கத் துடைத்துவிட்டுப் போகட்டும், இரும்பு கலந்த நிறமி படத்தைக் கோணலாக்கும். கண்ணை மூடி, விழியை உருட்டாமல் இருப்பதும் முக்கியம்.

அளவைவிட, கட்டி பார்வை நரம்பை அழுத்துகிறதா என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு கண்ணாக மூடி ஒரு சிவப்புப் பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள்; இடது கண்ணில் சிவப்பு வெளிறித் தெரிந்தால் ஸ்கேனுக்குக் காத்திராமல் உடனே கண் மருத்துவரைப் பாருங்கள்.