பெனால்டியில் பாயாமல் நின்றால் தப்பா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பெனால்டி என்றால் உதைக்கும் முன்பே ஏதாவது ஒரு பக்கம் பாய்ந்துவிடுகிறாள். பந்து நடுவில் போகிறது. "சும்மா நின்றிருந்தாலே பிடித்திருக்கலாமே" என்றால் அழுகிறாள். எப்படி மாற்றுவது?

பதில்: முதலில், அந்த வார்த்தையை இனி அவளிடம் சொல்லாதீர்கள். பெரிய கோல்கீப்பர்களும் இதையேதான் செய்கிறார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த மைக்கேல் பார்-எலி குழுவினர் 286 பெனால்டிகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 29 பந்துகள் நடுவில்தான் வந்தன. கோல்கீப்பர் நடுவிலேயே நின்றதோ நூற்றுக்கு ஆறு முறைதான்.

ஏன்? பாய்ந்து கோல் விட்டால் "பாவம், முயற்சி பண்ணினாள்" என்பார்கள். நின்றபடி விட்டால் "மரம் மாதிரி நின்றாள்" என்பார்கள். கோல் ஒன்றுதான், ஏச்சு வேறு. அதற்குப் பயந்துதான் உடம்பு முந்திக்கொள்கிறது. 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் செக்கோஸ்லோவாக்கிய வீரர் பனென்கா பெனால்டியில் பந்தை மெதுவாக நடுவில் தூக்கிவிட்டபோது, மேற்கு ஜெர்மனியின் செப் மையர் ஏற்கெனவே இடப்பக்கம் பாய்ந்திருந்தார். கோப்பை செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனது.

அதற்காக எப்போதும் நிற்கச் சொல்லாதீர்கள். அந்த ஆய்வில் நின்றவர்கள் மூன்றில் ஒன்றைத் தடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் நின்றதே மொத்தம் 18 முறைதான். அதை வைத்து விதி எழுத முடியாது. தவிர, இவள் நிற்பாள் என்று தெரிந்தால் எதிரணி மூலையில் அடிக்கும்.

அவள் கற்க வேண்டியது கொஞ்சம் பொறுப்பது. உதைப்பவர் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றும் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலின் நுனி திரும்பியிருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் பந்து போகும். பயிற்சியில் பத்து பெனால்டி வையுங்கள். அந்தக் கால் தரையில் பதியும்வரை அவள் அசையக் கூடாது. பத்தில் மூன்றுக்கு நடுவிலேயே நிற்கட்டும். பெரியவர்கள் அடிக்கும் பந்து 11 மீட்டரைக் கடக்க அரை நொடிதான். பள்ளி ஆட்டத்தில் வேகம் குறைவு என்பதால் இவளுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் உண்டு.

அப்புறம், கோச்சிடம் பேசுங்கள். "நின்று கோல் விட்டாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம்" என்று அவர் ஆட்டத்துக்கு முன்பே, அணியினர் முன்னால் சொல்ல வேண்டும். இது இல்லாமல் மற்ற பயிற்சி எதுவும் ஒட்டாது. நீங்களும் வீடு திரும்பும்போது எத்தனை கோல் என்று கேட்காமல், "பெனால்டி அடித்த பொண்ணு காலை எந்தப் பக்கம் திருப்பி ஊன்றினாள்?" என்று கேளுங்கள்.