வராத இழப்பீட்டை நம்பி வட்டி கட்டலாமா?

கேள்வி: தக்கலையில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் அப்பா விட்டுச் சென்ற கடை, பிள்ளைகள் நான்கு பேர் பெயரிலும் இருக்கிறது. லைட் மெட்ரோவுக்காக முன்பக்கம் 2 சென்ட் போகும் என்கிறார்கள். தங்கை கணவருக்காக 2 வட்டிக்கு 5 லட்சம் கடன் வாங்கிக் கொடுத்தேன். "இழப்பீடு வந்ததும் தங்கை பங்கில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று இன்னும் 3 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா? வரும் பணத்தை எதில் போடலாம்?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ஊரில் முதலில் மோனோ ரயில் என்றார்கள். 2014-ல் அது லைட் மெட்ரோ ஆனது. 2018-ல் டெல்லி மெட்ரோ நிறுவனம் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. இதை நம்பியா மாத வட்டி?

நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்ததாகவே வைத்துக்கொள்வோம். சென்டுக்குச் சந்தை மதிப்பு 10 லட்சம் என்றால் 2 சென்டுக்கு 20 லட்சம். 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, நிலத்தை இழப்பவருக்குக் கூடுதலாகத் தரும் ஆறுதல் தொகையும் அதே அளவு சேர்ந்து 40 லட்சம். கட்டிடத்தின் மதிப்பை இந்தக் கணக்கில் விட்டுவிடுவோம். தங்கை பங்கு 10 லட்சம். 8 லட்சம் கடனுக்கு 2 வட்டி மாதம் 16,000, வருடத்துக்கு 1,92,000. ஒரே வருடத்தில் அசலும் வட்டியும் 9,92,000. இரண்டாம் வருடம் உங்கள் பென்ஷனிலிருந்துதான் போகும்.

"தாமதத்துக்கு 12 சதவீதம் தருவார்களே" என்பீர்கள். அது சந்தை மதிப்புக்கு மட்டும். சமூகத் தாக்க ஆய்வு, அதாவது திட்டத்தால் மக்களுக்கு வரும் பாதிப்பைப் பார்க்கும் ஆய்வு, அறிவிக்கப்பட்ட நாளிலிருந்துதான் கணக்கு. தங்கை பங்கில் சந்தை மதிப்பு 5 லட்சம்தான், அதற்கு வருடம் 60,000 தேறும். முதல்நிலை அறிவிப்புக்குப் பிறகு கலெக்டரின் தனி அனுமதி இல்லாமல் அந்த இடத்தை அடகு வைக்கவும் முடியாது.

வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்து இந்த 5 லட்சத்தை முதலில் அடைத்துவிடுங்கள். அந்த வட்டியை மாதாமாதம் தங்கை கணவர் கட்டட்டும். மனஸ்தாபம் வரும்தான், பங்கு பிரிக்கும்போது வருவதைவிட இப்போது வருவது மேல்.

உங்கள் நேரத்தைப் பத்திர நகல்களில் செலவிடுங்கள். சுற்றுவட்டாரத்தில் மூன்று வருடங்களில் பதிவான விற்பனைகளில் விலை கூடிய பாதியின் சராசரியும் மதிப்பைத் தீர்மானிக்கும். சென்டுக்கு 1 லட்சம் கூடினால், ஆறுதல் தொகையும் சேர்த்து குடும்பத்துக்கு 4 லட்சம் கூடுதல். இழப்பீட்டு உத்தரவு குறைவாக இருந்தால் பணத்தை ஆட்சேபத்துடன் வாங்குங்கள். உத்தரவின்போது நேரில் இருந்தவர்களுக்கு, மேல் விசாரணை கேட்க ஆறு வாரம்தான் கெடு.

எதில் போடுவது என்ற கேள்விக்குப் பணம் கணக்கில் ஏறிய பிறகு எழுதுங்கள். அதுவரை, சிறு நிறுவனப் பங்குகளில் பணம் போடும் ஸ்மால் கேப் ஃபண்டை விற்க ஏஜென்ட் வந்தால், வீட்டில் காபி கொடுத்தால் போதும், கையெழுத்து வேண்டாம்.