பாளையங்கோட்டை வீட்டில் வகுப்பு வீடியோ பதிவு செய்ய எந்த மைக் ஆர்ம், எந்த ஷாக் மவுண்ட் வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது. போட்டித் தேர்வுக்குப் பாடம் எடுத்து யூடியூபில் போடுகிறார். மைக் ஆடியோ டெக்னிகா ஏடி2020. பார்ட்டிகிள் போர்டில் செய்த கம்ப்யூட்டர் மேசை, தலைக்கு மேல் சீலிங் ஃபேன். மைக்கை அதன் குட்டி ஸ்டாண்டோடு மேசையிலேயே வைத்திருக்கிறார். கீபோர்டு தட்டுகிற ‘டொக் டொக்’ பாடம் முழுக்க விழுகிறது, ஃபேன் இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. கையில் 3,000 ரூபாய் இருக்கிறது. ஆர்மும் (மைக்கைத் தாங்கும் மடக்குக் கை) ஷாக் மவுண்டும் (மைக்கை எலாஸ்டிக்கில் தொங்கவிடும் வளையம்) வாங்கினால் இரண்டு சத்தமும் போய்விடுமா என்று கேட்கிறார்.

டொக் டொக் கிட்டத்தட்ட போய்விடும். ஃபேன் இரைச்சலை ஷாக் மவுண்ட் ஒன்றும் செய்யாது. ஆனால் ஆர்மைச் சரியான இடத்தில் நிறுத்தினால் அதுவும் நன்றாகவே குறையும். நான் திருநெல்வேலியில் இப்படி வீட்டிலிருந்து பாடம் எடுப்பவர்களின் ஒலிப்பதிவைச் சுத்தம் செய்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். நல்ல ஆசிரியர், தெளிவான பாடம், ஆனால் இரைச்சலால் பிள்ளைகள் பாதியில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள் என்றால் மனசு கேட்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சத்தம் எந்த வழியாக மைக்குக்கு வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். ஒன்று காற்று வழி, இன்னொன்று திடப்பொருள் வழி. நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய இசைத்தூண்களில் ஒன்றைத் தட்டினால் பக்கத்துத் தூணும் அதிரும். உங்கள் மேசையிலும் அதேதான் நடக்கிறது: கீபோர்டில் விழும் தட்டு பலகை வழியாக ஓடி, ஸ்டாண்டில் ஏறி, மைக்கின் உடம்புக்குள் போய்விடுகிறது. இந்த வழியை அறுப்பதுதான் ஷாக் மவுண்டின் வேலை. காற்று வழியாக வரும் ஃபேன் இரைச்சல், தெருவில் போகும் பைக், கோயில் கொடை நேரத்தில் மைக் செட்டில் ஓடும் பாட்டு, இதற்கெல்லாம் ஷாக் மவுண்ட் மருந்து இல்லை.

உங்கள் பிரச்சினை எது என்று தெரிந்துகொள்ளப் பைசா செலவில்லாமல் ஒரு சோதனை இருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை ஓடவிடுங்கள். மைக் மேசையில் இருக்கும்போது வழக்கம்போல நாலு வரி டைப் செய்யுங்கள். அப்புறம் யாரையாவது கூப்பிட்டு, மைக்கை மடித்த துண்டில் சுற்றி, மேசையில் படாமல் அதே இடத்தில் கையில் பிடிக்கச் சொல்லுங்கள். மறுபடி அதே நாலு வரி. அடியில் கேட்கும் கனமான ‘டொம்’ போய், சாவி சொடுக்குகிற சன்னமான ‘டிக்’ மட்டும் மிஞ்சினால், போனதெல்லாம் மேசை வழியாக வந்தது என்று அர்த்தம். மிஞ்சிய அந்த ‘டிக்’ காற்று வழி வருவது. அதற்கு சத்தம் குறைந்த கீபோர்டுதான் வழி, ஷாக் மவுண்ட் இல்லை.

இப்போது ஆர்ம். ஆர்ம் எதற்கு என்று கேட்டால் பலரும் மேசையில் இடம் மிச்சமாகும் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் எனக்கு அது இரண்டாம்பட்சம். வாய்க்குப் பக்கத்தில் மைக்கைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குத்தான் ஆர்ம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் மைக்கில் விழும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். மேசையில் 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் மைக்கை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல். அந்த அளவுக்கு கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைத்துக்கொள்ளலாம். குரல் அப்படியே இருக்கும், ஃபேன் இரைச்சல் 12 டெசிபல் கீழே போய்விடும். சித்திரை வைகாசியில் பாளையங்கோட்டையில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடம் எடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பக்கத்தில் வந்தால் குரலில் அடிக்கனம் கூடும். 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் வைத்துக்கொண்டு, மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியை வெட்டிவிட்டால் சரியாக இருக்கும்.

அடுத்து சொல்லப்போவதைத்தான் கடைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை. இப்போது லோ ப்ரொஃபைல் ஆர்ம் என்று ஒன்று எல்லோர் வீடியோவிலும் தெரிகிறது. மேசையை ஒட்டித் தாழ்வாக வந்து, மானிட்டருக்கு அடியிலிருந்து மைக்கை வாய்க்கு நீட்டும். பார்க்க அழகுதான், முகத்தையும் மறைக்காது. ஆனால் கீழிருந்து வாயைப் பார்க்கும் மைக் வேறு எதைப் பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நேராக சீலிங் ஃபேனைப் பார்க்கிறது. ஏடி2020 கார்டியாய்டு மைக், முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் காது மந்தம். மேலிருந்து வரும் கத்திரி மாதிரி ஆர்மில் தலைகீழாகத் தொங்கவிட்டு, நெற்றி உயரத்திலிருந்து வாயை நோக்கிச் சாய்த்தால், மைக்கின் முதுகு ஃபேன் பக்கம் திரும்பிவிடும். சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் இரைச்சல் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், ஆனாலும் வித்தியாசம் காதுக்கே தெரியும். ஏசி அறையில் உட்கார்ந்து பேசுபவர்களுக்குச் சரிப்படுகிற ஆர்ம், ஃபேன் சுற்றும் நம் வீடுகளுக்கு அப்படியே சரிப்படாது. உங்களுக்கு மேலிருந்து இறங்கும் ஆர்ம்தான் என்பது என் உறுதியான கருத்து. வீடியோவில் முகம் மறைகிறது என்றால் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி, வாய்க்குச் சாய்வாக வையுங்கள். ‘ப’ சொல்லும்போது அடிக்கும் காற்றும் மைக்கில் நேராக விழாமல் விலகிப் போகும். ஏடி2020 பக்கவாட்டில் பேச வேண்டிய மைக், நுனியில் பேசுவதற்கானது இல்லை. கம்பெனி முத்திரை இருக்கும் பக்கம்தான் முன்பக்கம்.

ஆர்மைத் தேர்ந்தெடுக்கும்போது விலைக்கு முன்னால் எடையைப் பாருங்கள். மைக், ஷாக் மவுண்ட், பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் திரை), தொங்கும் கேபிள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வீட்டுத் தராசிலோ பலசரக்குக் கடைத் தராசிலோ வைத்துவிடுங்கள். ஏடி2020 தனியாக 345 கிராம். மற்றவை சேர்ந்தால் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். ஸ்பிரிங் வைத்த ஆர்ம் ஒரு குறிப்பிட்ட எடைக்குத்தான் சமநிலையில் நிற்கும். 1932இல் ஜார்ஜ் கார்வர்டைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மேசை விளக்குக்காகக் காப்புரிமை எடுத்த அதே ஸ்பிரிங் உத்திதான் இது. எடை கூடினால் மெல்லத் தாழும், குறைந்தால் தானாக மேலே எழும்பும். ரோட் பிஎஸ்ஏ1 என்ற பிரபலமான ஆர்ம் 700 கிராமிலிருந்து 1.1 கிலோ வரைக்கும் என்று போட்டிருக்கிறார்கள். 320 கிராம் உள்ள சாம்சன் க்யூ2யூ மைக்கை அதில் மாட்டினால் ஆர்ம் மேலே போய் நின்றுகொள்ளும். விலை கூடிய ஆர்ம் என்பதால் எல்லா மைக்குக்கும் பொருந்திவிடாது. மறுபக்கம், கனமான மைக்குகள்: ரோட் பாட்மைக் 937 கிராம், ஷூர் எஸ்எம்7பி 765 கிராம். இவற்றை ஆயிரம் ரூபாய் ஆர்மில் மாட்டினால் பாதிப் பாடத்தில் மைக் நெஞ்சுக்கு இறங்கிவிடும். உங்கள் எடைக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் ஆர்மே தாங்கும். மூட்டுகளில் கையால் திருகி இறுக்கும் குமிழ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

மலிவான ஆர்மில் ஒரு குறை உண்டு. ஸ்பிரிங்குகள் வெளியே தெரியும்படி இருக்கும், மேசையில் இடித்தால் ‘ணிங்’ என்று நீளமாக ஒலிக்கும். மெல்லிய ஸ்பாஞ்சை விரல் தடிமனுக்கு நறுக்கி, ஸ்பிரிங்கின் சுருளுக்குள் நுனியிலிருந்து நுனி வரை திணித்துவிடுங்கள். ஒலி அப்படியே அடங்கிவிடும், ஆர்மின் அசைவும் கெடாது.

மேசை விஷயத்தில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு முழம் நீட்டிய கம்பியின் நுனியில் அரைக் கிலோவுக்கு மேல் தொங்குகிறது, அத்தனை இழுப்பும் ஆர்மை மேசையோடு இறுக்கும் கிளாம்ப் கடிக்கும் இரண்டு அங்குல இடத்தில் விழுகிறது. பார்ட்டிகிள் போர்டு ஓரம் நாளடைவில் உதிரும். வண்ணார்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மேசையைப் பார்த்த ஆசாரி அண்ணாச்சி சொன்னதைத்தான் நானும் சொல்வேன்: “இதுல சத்து இல்ல, தம்பி. மரத்தூளைப் பசை போட்டு அமுக்குனதுதான். மேல ஒண்ணு கீழ ஒண்ணு பிளைவுட்டு வச்சிட்டு, அதக் கடிக்க விடுங்க.” உள்ளங்கை அகலத்தில் இரண்டு பிளைவுட் துண்டு மரக்கடையில் சும்மாவே கிடைக்கும். வாங்குவதற்கு முன் மேசையின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் மேசைகளில் கீபோர்டு தட்டு ஓடும் இரும்புத் தண்டவாளம் பெரும்பாலும் கிளாம்ப் உட்கார வேண்டிய இடத்திலேயே இருக்கும். கண்ணாடி மேசையில் கிளாம்ப் போடவே போடாதீர்கள்.

மேசையே சரியில்லை என்றால் ஆர்ம் வேண்டாம். மைக் செட் போடுகிறவர்கள் வைத்திருக்கும் மாதிரி, தரையில் நிற்கும் மூன்று கால் பூம் ஸ்டாண்ட் வாங்கிவிடுங்கள். திருநெல்வேலியில் மைக், ஸ்பீக்கர் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். மேசையைத் தொடாமல் நிற்பதால் கீபோர்டு தட்டல் நேராக ஏறுவதற்கு வழி கிடையாது. கால்களுக்கு அடியில் ஒரு ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டால் தரையில் நடக்கும் அதிர்வும் குறையும். அறையில் இடம் இருந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு ஆள் நிற்கும் இடம் அளவுக்கு அடைத்துக்கொள்ளும் என்பதுதான் சிரமம்.

ஷாக் மவுண்டுக்கு வருவோம். எலாஸ்டிக்கில் தொங்கும் மைக்குக்கு இயல்பாக ஆடும் வேகம் ஒன்று உண்டு. அந்த வேகத்தில் வரும் அதிர்வை மவுண்ட் தடுக்காது, பெருக்கித்தான் கொடுக்கும். அதைப்போல 1.4 மடங்குக்கு மேலே போன பிறகுதான் தடுக்கத் தொடங்கும், மேலே போகப்போக நன்றாகத் தடுக்கும். அதனால் இயல்பு வேகம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இதை அளக்கக் கருவி தேவையில்லை. மைக்கை மாட்டியதும் எலாஸ்டிக் எவ்வளவு தாழ்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்தால் இயல்பு வேகம் சுமார் 10 ஹெர்ட்ஸ். அப்படியென்றால் 50 ஹெர்ட்ஸில் வரும் அதிர்வு கணக்குப்படி இருபதில் ஒரு பங்குக்கும் கீழே குறையும். மாட்டியும் அசையவே இல்லை, தந்தி மாதிரி விறைப்பாக நிற்கிறது என்றால் அந்த மவுண்ட் வெறும் அலங்காரம். கனமான மைக்குக்குச் செய்த மவுண்டில் இலேசான மைக்கை மாட்டினால் இதுதான் நடக்கும். ரொம்பத் தளர்ந்து, மைக் வெளிவளையத்தில் இடித்தாலும் பயனில்லை.

ஏடி2020இன் உடம்பு 52 மில்லிமீட்டர் விட்டம். விற்பனைப் பக்கத்தில் மவுண்ட் பிடிக்கும் அளவு அதைத் தொடுகிறதா என்று பாருங்கள். பென்சில் மாதிரி மைக்குக்கான மவுண்டும் அதே படத்தோடு விற்கும். அதே கம்பெனியின் ஏடி8458 மவுண்ட் இதற்குப் பொருந்தும், ஆனால் உங்கள் பட்ஜெட்டைத் தின்றுவிடும். அளவு பொருந்தும் சாதாரண சிலந்தி மவுண்ட், அதாவது சிலந்தி வலை மாதிரி எலாஸ்டிக் பின்னியது, போதும். நம் வெயிலில் எலாஸ்டிக் சீக்கிரம் தொய்ந்துவிடும். தையல் சாமான் கடையில் உருண்டை எலாஸ்டிக் வாங்கி, எல்லாப் பக்கமும் ஒரே இழுப்பாக மாற்றிக் கட்டினால் புதுசு போல ஆகிவிடும்.

மவுண்ட் போட்டும் தட்டல் கேட்கிறது என்று சொல்பவர்கள் வீட்டில் நான் முதலில் பார்ப்பது கேபிளை. மைக்கின் வாலில் இருந்து கேபிளை விறைப்பாக இழுத்து ஆர்மில் கட்டியிருப்பார்கள். எலாஸ்டிக் அறுத்த வழியை அந்தக் கேபிள் மறுபடி இணைத்துவிடுகிறது. எக்ஸ்எல்ஆர் பிளக்கிலிருந்து வெளியே வந்ததும் ஒரு கை அகலத்துக்குத் தளர்ந்த வளையம் விட்டு, அதற்கு அப்புறம் ஆர்மில் கட்டுங்கள். மைக்கை விரலால் மெல்லத் தொட்டால் கேபிள் தடுக்காமல் தானாக ஆடி நிற்க வேண்டும்.

மவுண்டை ஆர்மில் திருகி மாட்டும் மரை அளவு இரண்டுதான் பெரும்பாலும் வரும்: 5/8 அங்குலம், 3/8 அங்குலம். ஏடி2020 பெட்டியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் குட்டி அடாப்டர் இருக்கும், பத்திரமாக எடுத்து வையுங்கள். எஸ்எம்7பி, ஹைப்பர்எக்ஸ் குவாட்காஸ்ட் போன்றவற்றில் அதிர்வு தாங்கும் அமைப்பு மைக்கிலேயே இருக்கிறது. அவற்றை வைத்திருப்பவர்கள் தனி மவுண்டுக்குப் பணம் போட வேண்டியதில்லை.

உங்கள் 3,000 ரூபாயில் ஆயிரத்தைந்நூறுக்குள் ஒரு கத்திரி ஆர்ம், ஐந்நூறு அறுநூறுக்கு 52 மில்லிமீட்டர் பிடிக்கும் ஷாக் மவுண்ட், ஃபேன் காற்று மைக்கில் படாமல் இருக்க ஒரு ஸ்பாஞ்ச் உறை. மிச்சப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பதிவு செய்து பாருங்கள். சாவி சொடுக்கும் ‘டிக்’ இன்னும் உறுத்தினால் அதில் சத்தம் குறைந்த கீபோர்டு வாங்கிக்கொள்ளலாம். பதிவில் ஒரு நிமிடத்தை இங்கே போட்டீர்கள் என்றால் கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.