அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் கொண்டுவந்த எஸ்பி 1070 என்ற குடியேற்றச் சட்டத்தில் இனப்பாகுபாடு எங்கே வந்தது?

சட்டத்தின் வாசகத்தில் இனம் பார்க்கக்கூடாது என்றுதான் இருக்கிறது. சிக்கல் நடைமுறையில். 2010 ஏப்ரலில் ஆளுநர் ஜான் புரூவர் கையெழுத்திட்ட இந்தச் சட்டப்படி, போலீஸ் வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்தும்போது, ஆவணமில்லாமல் குடியேறியவரோ என்ற 'நியாயமான சந்தேகம்' வந்தால் விசாரித்தே ஆகவேண்டும் என்று இருந்தது (2016இல் இது தளர்த்தப்பட்டது). சரி, அந்தச் சந்தேகம் எதைப் பார்த்து வரும்? பின்விளக்கு எரியாத காரில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் வெள்ளையர், மற்றவர் ஸ்பானிஷ் வாடை அடிக்கும் ஆங்கிலம் பேசுபவர். குடியுரிமையைப் பற்றிய கேள்வி யாரிடம் போகும்? இரண்டாமவர் அங்கேயே பிறந்த குடிமகனாகக்கூட இருக்கலாம். எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

2012இல் உச்ச நீதிமன்றம் மூன்று பிரிவுகளை ரத்து செய்தது. சந்தேகம் வந்தால் விசாரிக்கச் சொல்லும் பிரிவை மட்டும் அப்போதைக்கு விட்டுவைத்தது. அப்புறம் 2013இல், அரிசோனாவில் உள்ள மாரிகோபா கவுண்டியின் (மாவட்டம் போன்றது) ஷெரிஃப், அதாவது காவல் தலைவர், ஜோ அர்பாயோவின் துறை லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைக் குறிவைத்தது என்று, தனியாக நடந்த வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றமே தீர்ப்பளித்தது.