நாடகமும் வேணும், மத்த பாடமும் வேணும்னா எந்த காலேஜ்ல சேக்கலாம்?

நீங்க கேட்டது இதுதான்: பொண்ணு ப்ளஸ் டூ முடிக்கப் போறா, நாடகம் படிக்கணும்ங்கிறா, கூடவே ஹிஸ்டரி, சைக்காலஜி மாதிரி பாடமும் விடக்கூடாதுங்கிறா, எந்த காலேஜ் நல்லாருக்கும்.

நான் திண்டுக்கல்காரி. பிஏ இங்கிலீஷ் படிச்சிட்டு அப்புறம் பாண்டிச்சேரி யூனிவர்சிட்டில பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ் மாஸ்டர்ஸ் பண்ணேன், இப்ப ஸ்கூல் பசங்களுக்கு நாடகம் சொல்லித் தர்றேன். பிஏ சேர்ற காலேஜ நான் தப்பாத்தான் தேர்ந்தெடுத்தேன், அதனால அதையே மொதல்ல சொல்றேன்.

ப்ராஸ்பெக்டஸ்ல பெரிய மேடை, லைட்டு, மேக்கப் போட்ட பசங்க போட்டோ எல்லாம் பாத்துட்டுத்தான் சேந்தேன். உள்ள போனா ஆடிட்டோரியம் பூட்டியே கெடக்கும், ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்னாடி தொறப்பாங்க. அதவிடப் பெரிய பிரச்சனை ஹாஸ்டல் கேட். லேடீஸ் ஹாஸ்டல் ஆறு மணிக்கு மூடிடும், க்ளாஸ் முடியறதே நாலரை, ரிகர்சல் சூடு பிடிக்கிற நேரத்துல நாங்க பைய எடுத்துட்டு ஓடணும். அதனால பெரிய வேஷம் எல்லாம் வெளிய ரூம் எடுத்துத் தங்கின பசங்களுக்கே போகும். மூணு வருஷத்துல காலேஜ் மேடைல நான் ஏறினது ஒரே ஒரு தடவ. நடிக்கக் கத்துக்கிட்டது ஊருக்குள்ள ஞாயித்துக்கிழமை கூடுற ஒரு சின்ன குழுவுலதான்.

அதனால காலேஜ் பாக்கப் போனீங்கன்னா காலைல போகாதீங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போங்க. எங்கயாவது மரத்தடியிலயோ வராண்டாவுலயோ பசங்க ஒத்திகை பாத்துட்டு இருக்காங்களான்னு பாருங்க. இருந்தா அவங்ககிட்டயே கேளுங்க, வருஷத்துக்கு எத்தன நாடகம் போடுறீங்க, ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு வேஷம் குடுப்பீங்களா இல்ல செட்டு தூக்க மட்டுந்தானா, ஒத்திகை இருக்கிற அன்னிக்கு ஹாஸ்டல்ல பொண்ணுங்களுக்கு லேட் பர்மிஷன் உண்டா. இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சா பாதி முடிவு பண்ணிடலாம், கோர்ஸ் பேரு என்னவா இருந்தாலும் சரி.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, டெல்லி என்எஸ்டி இருக்குல்ல, 1959ல ஆரம்பிச்ச நேஷனல் ஸ்கூல் ஆஃப் டிராமா, அதுல மூணு வருஷக் கோர்ஸ்ல சேரவே டிகிரி முடிச்சிருக்கணும், அதோட சில நாடகங்கள்ல வேலை செஞ்ச அனுபவத்தையும் காட்டணும். பாண்டிச்சேரிலயும் நான் படிச்சது மாஸ்டர்ஸ்தான். அப்ப டிகிரி படிக்கிற மூணு நாலு வருஷம்ங்கிறது பல பாடம் படிச்சுக்கிட்டே நாடக அனுபவத்தயும் சேக்கிற காலம். ஒங்க பொண்ணு கேக்கிறதும் அதத்தான, அவ சரியாத்தான் யோசிக்கிறா.

இப்ப எடங்களச் சொல்றேன். என் பொண்ணா இருந்தா டெல்லி யூனிவர்சிட்டிக்குத்தான் மொதல்ல அப்ளை பண்ணச் சொல்வேன். மிராண்டா ஹவுஸ், கிரோரி மால் மாதிரி காலேஜ்கள்ல ஹிஸ்டரியோ பொலிட்டிக்கல் சயின்ஸோ படிச்சுக்கிட்டே டிராமா சொசைட்டில சேரலாம், கிரோரி மால்ல இருக்கிற ப்ளேயர்ஸ் ரொம்பப் பழைய குழு. தெரு நாடகம் போட்டு ஒரு காலேஜ் விட்டு இன்னொரு காலேஜ்னு சுத்துவாங்க, வருஷத்துல எத்தனையோ ஷோ. இந்தி வேணும், அது கஷ்டந்தான், ஆனா பின்னாடி என்எஸ்டிக்குப் போறதா இருந்தா எப்படியும் வேணும். சேர்க்கை க்யூட் (CUET)ங்கிற பொது நுழைவுத் தேர்வு மூலமா, கவர்மென்ட் காலேஜ்ங்கிறதால பீஸும் தாங்கும். டெல்லி பக்கத்துல சோனிபட்ல இருக்கிற அசோகா யூனிவர்சிட்டி முழுக்க லிபரல் ஆர்ட்ஸ், அதாவது பல துறைப் பாடங்களக் கலந்து படிக்கிற முறை, பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸும் எடுக்கலாம், பீஸ் ரொம்ப அதிகம், ஆனா வீட்டு வருமானத்தப் பாத்து உதவித்தொகை தர்றாங்க, அதக் கேக்காம விட்டுடாதீங்க. பெங்களூர்ல கிரைஸ்ட் யூனிவர்சிட்டிலயும் நாடகத்தோட இங்கிலீஷ், சைக்காலஜி சேத்துப் படிக்கிற மாதிரி டிகிரி குடுத்திருக்காங்க, இந்த வருஷம் எப்படின்னு விசாரிச்சுக்குங்க.

திருச்சூர் ஸ்கூல் ஆஃப் டிராமா 1977ல ஜி. சங்கரப்பிள்ளை ஆரம்பிச்சது, ப்ளஸ் டூ முடிச்சு நேரா நாடக டிகிரி படிக்கலாம், அருமையான எடம். ஆனா அங்க மூச்சு முழுக்க நாடகந்தான், ஹிஸ்டரி, சைக்காலஜி எல்லாம் அவ தானா படிச்சாத்தான் உண்டு, மலையாளமும் பழகணும்.

மத்த பாடம் எதுக்குன்னு வீட்ல யாராவது கேட்டா இதச் சொல்லுங்க. பாண்டிச்சேரில நாங்க தாது வருஷப் பஞ்சத்த வெச்சு ஒரு நாடகம் பண்ணோம், அந்தப் பஞ்சம் 1876லேர்ந்து 78 வரைக்கும் நடந்தது. எனக்கு மண்ணு சுமக்கிற பொம்பள வேஷம். நான் சும்மா குனிஞ்சு தள்ளாடி நடந்துட்டு இருந்தேன், பாக்க சினிமாவுல வர்ற பஞ்சம் மாதிரி இருந்துச்சு. கூட நடிச்ச ஒருத்தி டிகிரில ஹிஸ்டரி படிச்சவ. அவதான் சொன்னா, ரிச்சர்ட் டெம்பிள்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்து பஞ்ச நிவாரண வேலைக்குக் குடுத்த கூலியக் கொறச்சுட்டான், நாள் முழுக்க மண்ணு வெட்டுற ஆம்பளைக்கே ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையுந்தான், மெட்ராஸ்ல பக்கிங்ஹாம் கால்வாய்ல ஒரு பகுதி அந்தப் பஞ்ச வேலைலதான் வெட்டுனதுன்னு. ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோ கூட இல்ல, வீட்ல அளந்து பாத்தேன். அதுக்கப்புறம் நான் தள்ளாடவே இல்ல, ஒரு அசைவக் கூட வீணாக்காம, கூடைய எறக்கி வைக்கிறதுக்கு முன்னாடி மூச்ச எடுத்து வெச்சுக்கிட்டு நடந்தேன். எங்க சார் அன்னிக்குத்தான் மொத தடவ ஒண்ணும் திருத்தல.

வேலை பத்தியும் பயமிருக்கும். நடிச்சே சம்பாதிக்கிறது எங்க பேட்ச்ல கொஞ்சம் பேருதான், மிச்சப்பேர் ஸ்கூல் டீச்சர், டப்பிங், விளம்பரக் கம்பெனில எழுதுறதுன்னு இருக்கோம், அதுக்கெல்லாம் அந்த மத்த பாடந்தான் கை குடுத்துச்சு.

அப்புறம் எங்க சேந்தாலும் லீவுக்கு ஊருக்கு வரும்போது செய்யாறு பக்கம் புரிசைக்கு ஒரு தடவ அனுப்பி வைங்க. கண்ணப்ப தம்பிரான் பரம்பரை கூத்துக் கட்டுற ஊரு அது. ராத்திரி ஆரம்பிச்சா விடிய விடிய நடக்கும், முன் வரிசைல தரையில ஒக்காரச் சொல்லுங்க, காலுக்குக் கட்டுன சலங்கை சத்தம் நெஞ்சுல வந்து இடிக்கும். நீங்களும் கூடப் போயிட்டு வந்தா இன்னும் நல்லது.